இளங்காடு 11 மடங்கு வேகம் என்றால் பழைய காடு எதற்கு?

மே 4, வந்த கேள்வி

"வெட்டி அழித்த வெப்பமண்டல நிலத்தில் தானாக முளைக்கிற காடு, பழைய காட்டைவிட 11 மடங்கு வேகமாகக் கார்பனை இழுக்கிறது என்று படித்தேன். முதிர்ந்த காடு வளர்ந்து முடிந்தது, இனி அது பெரிதாக எதையும் இழுக்கப் போவதில்லை. அப்படியானால் பழைய காட்டை வெட்டி, மரத்தை விற்று, அதே இடத்தைச் சும்மா விட்டுவிட்டால் காற்றுக்கும் லாபம், ஆளுக்கும் லாபம் இல்லையா? கிண்டலுக்குக் கேட்கவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று காட்டுங்கள்."

மே 4, இரவு

11 மடங்கு என்ற எண் சரிதான். 2016இல் நேச்சர் இதழில் வந்தது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்து லூரென்ஸ் போர்ட்டரும் ஒரு பெரிய கூட்டமும் சேர்ந்து, லத்தீன் அமெரிக்காவில் 45 இடங்களில் ஏறக்குறைய 1500 அளவைத் துண்டுகளின், அதாவது அளப்பதற்கென்று குறித்துவைத்த காட்டுத் துண்டுகளின், கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 20 வயதான காட்டில் ஹெக்டேருக்குச் சராசரியாக 122 டன் உயிர்த்திரள், அதாவது மரங்களின் உலர்ந்த எடை, தரைக்கு மேலே நிற்கிறது. ஆண்டுக்கு 3.05 டன் கார்பன். முதிர்ந்த காட்டின் வேகத்துக்கு இது 11 மடங்கு.

தப்பு எங்கே என்றால், ஏறுகிற வேகத்தையும் ஏற்கெனவே இருக்கிற இருப்பையும் நீங்கள் குழப்பிக்கொண்டதில். காலிக் குதிரில் நெல் மளமளவென்று ஏறும். நிறைந்த குதிரில் ஏறாது. அதற்காக நிறைந்த குதிரை யாராவது ஆற்றில் கொட்டிவிட்டு, இப்போது எப்படி ஏறுகிறது பார் என்பார்களா?

எண்ணில் சொல்கிறேன். ஹெக்டேருக்கு 150 டன் கார்பன் நிற்கிற ஒரு முதிர்ந்த காடு. ஈரமான அமேசானில் இது சாதாரணம். வெட்டி எரித்துவிட்டுச் சும்மா விட்டால் 20 ஆண்டில் திரும்பி வருவது 61 டன். மீதி 89 டன் அப்போதும் காற்றில்தான் இருக்கும். வெட்டாமல் விட்டிருந்தால் அந்தக் காடு 20 ஆண்டில் ஐந்தாறு டன் கூடச் சேர்த்திருக்கும். ஆக நஷ்டம் 95 டன் பக்கம்.

மரத்தை விற்றால் கார்பன் பலகைக்குள் பத்திரமாக இருக்குமே என்பீர்கள். காட்டை அழிக்கும்போது பலகையாவது சிறு பங்குதான். கிளை, வேர், பட்டை, மரத்தூள், விலைபோகாத மரங்கள் எல்லாம் ஒன்று எரியும், இல்லாவிட்டால் மட்கும்.

மே 5

61 டன்னா, 122 டன்னா, 224 டன்னா என்று அதற்குள் ஒரு சண்டை. மூன்றும் ஒரே காடுதான். உலர்ந்த மரத்தின் எடை 122. அதில் பாதி கார்பன் என்று வைத்தால் 61. அந்தக் கார்பன் கரியமில வாயுவாக இருந்தால் என்ன எடை என்று கேட்டால் 3.67ஆல் பெருக்க வேண்டும்; 224. விற்க வருகிறவர் எப்போதும் மூன்றாவதைத்தான் சொல்வார். பாதி என்பதுகூட முழுக்கச் சரியில்லை. உலக நாடுகளின் காலநிலைக் குழு 0.47 என்று வைத்துக்கொள்கிறது.

மே 7

என் முதல் பதிலைத் திருப்பிப் படித்தேன். "ஐந்தாறு டன்" என்று அலட்சியமாக எழுதிவிட்டேன். ஒரு ஹெக்டேரில் அது கொஞ்சம்தான். ஆனால் பரப்பு பெரிது. கைபடாத வெப்பமண்டலக் காடுகள் 1990களில் மட்டும் 4600 கோடி டன் கரியமில வாயுவை இழுத்தன என்று நிரந்தர அளவைத் துண்டுகளின் கணக்கு சொல்கிறது. 2010களில் அது 2500 கோடி டன்னாக இறங்கிவிட்டது. வறட்சியும் வெப்பமும் மரங்களைக் கொல்கின்றன. ஆக "வளர்ந்து முடிந்தது" என்று நீங்கள் சொன்னது இன்றைக்குப் பொய். போகிற போக்கில் உண்மையாகிவிடலாம் என்பதுதான் பயம்.

இன்னொன்று. அந்த 2016 கட்டுரையில் இரண்டு 11 இருக்கின்றன, எல்லோரும் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 20 வயதுக் காடுகளுக்குள்ளேயே இடத்துக்கு இடம் 11 மடங்கு வித்தியாசம்: மோசமான இடத்தில் ஹெக்டேருக்கு 20 டன், நல்ல இடத்தில் 225. மழைதான் பெரிய காரணம். சராசரி என்பது பாலைக்கும் சதுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டையும் பார்க்காத ஆள்.

மே 8

"முதிர்ந்த காடு" என்று ஏன் எழுதுகிறீர்கள், "முதுகாடு" அழகாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். சங்கப் பாட்டில் முதுகாடு என்றால் சுடுகாடு ஐயா. எனக்கும் ஆசைதான், ஆனால் வேண்டாம்.

மே 11

இந்த டன் கணக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. 2009இல் ஒரு பருவம் போர்னியோவில் அளவெடுப்புக் குழுவில் உதவியாளாக அலைந்தவன் நான்.

யாரும் மரத்தை எடை போடுவதில்லை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பு உயரத்தில், டேப்பைச் சுற்றி விட்டம் பார்ப்பார்கள். பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே ஏறி அளக்க வேண்டும். உயரத்தைக் கருவி வைத்துக் கணிப்பார்கள். மரத்தின் இனம் தெரிந்தால் அதன் அடர்த்தியைப் பட்டியலில் எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் எடை வரும். இப்போது பரவலாகப் பயன்படுகிற சூத்திரம் ஜெரோம் ஷாவ் குழுவினர் 2014இல் கொடுத்தது. 58 இடங்களில் 4004 மரங்களை நிஜமாகவே வெட்டி எடை போட்ட கணக்குகளிலிருந்து வந்தது அது. உலகம் முழுக்க எத்தனையோ கோடி மரங்களின் எடையை அந்த நாலாயிரம் மரங்கள்தான் சாட்சி சொல்கின்றன.

சாட்சி நன்றாக இருந்தாலும் எழுதுகிற கை என்னுடையது. நாங்கள் வைத்திருந்த டேப்பில் ஒரு பக்கம் சாதாரண சென்டிமீட்டர், மறுபக்கம் விட்டத்துக்கான அளவு. ஒரு மழை நாளில் அரை நாள் முழுக்க நான் தப்பான பக்கத்தைப் படித்து, சுற்றளவை விட்டக் கட்டத்தில் எழுதிக்கொண்டே போனேன். விட்டம் 3.14 மடங்கு கூடினால் எடை அவ்வளவுதான் கூடும் என்று நினைக்காதீர்கள். சூத்திரத்தில் விட்டம் கிட்டத்தட்ட வர்க்கமாக, அதாவது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, உட்கார்ந்திருக்கிறது. உயரம் மாறாமல் இருந்தால் எடை 9 மடங்குக்கு மேல் ஏறிவிடும். அன்றைய துண்டு மட்டும் முதிர்ந்த காட்டையே மிஞ்சி நின்றது. குழுத் தலைவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு புதிய அதிசயத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்" என்றார். மறுநாள் திரும்பப் போய் அளந்தோம்.

அப்புறம் வயது. இது டேப்பைவிடப் பெரிய தலைவலி. ஒரே காட்டை 60 ஆண்டு உட்கார்ந்து பார்க்க யாராலும் முடியாது. அதனால் தெருவில் இருக்கிற எல்லா வயதுப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒரு பிள்ளை எப்படி வளரும் என்று ஊகிப்பது மாதிரி, வெவ்வேறு வயதுக் காடுகளை வரிசையில் வைத்துக் கோடு போடுவார்கள். அதற்கு ஒவ்வொரு காட்டின் வயதும் தெரிய வேண்டும். எங்கள் 7ஆம் துண்டு இருந்த மலைச்சரிவைப் பற்றி நிலத்துக்காரப் பெரியவரிடம் கேட்டோம். "என் இரண்டாவது மகள் பிறந்த வருஷம்தான் அங்கே கடைசியாக நெல் விதைத்தோம்" என்றார். அப்படியானால் காட்டுக்கு வயது 17. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளே, "இல்லை, நான் அந்த வயலில் ஓடி விளையாடியது எனக்கு நினைவிருக்கிறது" என்றாள். அவள் கணக்கில் 13. துண்டில் ஹெக்டேருக்கு 90 டன் நின்றது. அப்பா சொல்வது சரி என்றால் ஆண்டுக்கு 5.3 டன் உயிர்த்திரள். மகள் சொல்வது சரி என்றால் 6.9. காட்டில் ஒரு இலைகூட மாறவில்லை, வளர்ச்சி வேகம் மட்டும் 30 விழுக்காடு மாறிவிட்டது. காகிதத்தில் அப்பா சொன்னதை எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம்.

மே 12

விட்டுப்போனது: எறும்பு. போர்னியோ இளங்காட்டில் நிற்கிற மகரங்கா மர இனங்கள் சிலவற்றில் தண்டு உள்ளே பொள்ளல், அதற்குள் எறும்புக் குடியிருப்பு. டேப்பைச் சுற்றும்போது வெளியே வந்து கடிக்கும். அமேசான் பக்கம் செக்ரோப்பியாவிலும் இதே ஏற்பாடு. ஆப்பிரிக்காவில் முசாங்கா என்று ஒன்று, பார்த்தால் செக்ரோப்பியாவின் தம்பி மாதிரி. மூன்று கண்டங்களிலும் வெட்டவெளியில் முதலில் வந்து நிற்பவை இப்படிக் குடை இலையும் லேசான கட்டையுமாக இருக்கின்றன. செக்ரோப்பியாக் கட்டையின் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நல்ல வைரம் பாய்ந்த காட்டு மரம் 0.8க்கு மேல் போகும். ஆகவே 15 மீட்டர் உயரத்தில் பச்சைப் பசேலென்று தெரிகிற இளங்காட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே பாதி காற்று.

மே 17

"சும்மா விட்டால் போதுமா, நட வேண்டாமா?" நல்ல கேள்வி. அந்த இடத்துக்கு முன்பு என்ன நடந்தது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

பிரேசிலில் மனவுஸ் நகருக்கு வடக்கே, 1979இல் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய காட்டுத் துண்டு ஆய்வுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே மேய்ச்சலுக்காகக் காட்டை அழித்தார்கள், பிறகு பல இடங்களைக் கைவிட்டார்கள். வெட்டிவிட்டு எரிக்காமல் விட்ட இடங்களில் செக்ரோப்பியா வந்தது. அதன் நிழலில் வேறு இனங்கள் சீக்கிரமே நுழைந்தன. வெட்டி, திரும்பத் திரும்ப எரித்து, மாடு மேய்த்த இடங்களிலோ விஸ்மியா என்ற சிறு மரம் பிடித்துக்கொண்டது. எரித்தாலும் வேரிலிருந்து தளிர்க்கும் இனம் அது. ஆண்டுக்கணக்காக விஸ்மியாவுக்குக் கீழே விஸ்மியாவே வந்துகொண்டிருந்தது. ஒரே மண், ஒரே மழை, பக்கத்தில் ஒரே காடு. நெருப்பு எத்தனை முறை வந்தது என்பதுதான் வித்தியாசம்.

தென்கிழக்கு ஆசியாவில் இதே கதையை இம்பெரட்டா புல் நடத்துகிறது. எரியும், தளிர்க்கும், மறுபடி எரியும். மரக்கன்று தலைதூக்க இடமே தராது. போர்னியோவில் அந்தப் புல்வெளியைத் தாண்டி நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே தோல் முழுக்கக் கீறல். புல்லின் ஓரம் அரம் மாதிரி.

பிரேசில் அமேசானைச் செயற்கைக்கோள் வழியே பார்த்து 2021இல் வந்த ஆய்வு ஒன்று, தீயும் மறு அழிப்பும் சேர்ந்தால் மறுவளர்ச்சி வேகம் 8 முதல் 55 விழுக்காடு வரை குறையும் என்கிறது. அதனால் என் பதில்: தீயை நிறுத்து, மாட்டை வெளியே ஓட்டு, பக்கத்தில் விதை தரக் காடு இருக்கிறதா பார். மூன்றும் சரி என்றால் நடுவதற்குச் செலவழிக்காதே. வௌவாலும் பறவையும் கூலி கேட்காமல் செய்யும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் நடத்தான் வேண்டும்.

மே 18

தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பற்றி நேற்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அதைக் கேட்டு மூன்று பேர். சரி. பனாமாவில் மேய்ச்சல் நிலத்தில் மீண்ட காடுகளைப் பார்த்து 2013இல் வந்த ஆய்வு இதற்கு நல்ல பதில். அவரைக் குடும்பத்து மரங்களில் சில, வேர்முடிச்சுப் பாக்டீரியா வழியாகக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும். முதல் 12 ஆண்டில் ஹெக்டேருக்கு 50 டன் கார்பன் சேரத் தேவையான நைட்ரஜனை இவை கொண்டுவந்து சேர்த்தன. தனி மரமாகப் பார்த்தால் பக்கத்து மரங்களைவிட 9 மடங்கு வரை வேகமாகக் கார்பன் சேர்த்தன. காடு வளர வளரத் தேவை குறைந்ததும் வேலையைக் குறைத்துக்கொண்டன. அதிகமாக உழைத்தால் அதற்கும் செலவு உண்டு, மரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு ஆரஞ்சுத் தோல் ஞாபகம் வந்தது. கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்டேயில் டேனியல் ஜான்ஸனும் வின்னி ஹால்வாக்ஸும் ஒரு பழச்சாறு நிறுவனத்தோடு பேசி, 1990களில் ஆயிரம் லாரி, அதாவது 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் 3 ஹெக்டேர் வறண்ட மேய்ச்சல் நிலத்தில் கொட்டவைத்தார்கள். போட்டி நிறுவனம் வழக்குப் போட்டது, தேசியப் பூங்காவை அசுத்தம் செய்கிறார்கள் என்று. உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. திட்டம் நின்றுபோய், இடத்தை எல்லோரும் மறந்தார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தேடிப் போனபோது, பெயர்ப்பலகையையே கொடி மூடிவிட்டிருந்தது. அளந்து பார்த்தால் தோல் கொட்டாத பக்கத்தைவிட மர உயிர்த்திரள் 176 விழுக்காடு கூடுதல். புல்லை மூச்சுமுட்ட வைத்ததும் மண்ணுக்குச் சத்துக் கொடுத்ததும் சேர்ந்து செய்த வேலை என்று நினைக்கிறேன். வழக்குப் போட்டவர்கள் போய்ப் பார்த்தார்களா என்று அறிய ஆசை.

மே 24

ஒரு பிடி பிடித்திருக்கிறார் ஒருவர்: "2016 கட்டுரையில் 66 ஆண்டில் உயிர்த்திரள் 90 விழுக்காடு திரும்பிவிடும் என்று இருக்கிறது. அதே போர்ட்டர் 2021இல் உயிர்த்திரளுக்கு 120 ஆண்டுக்கு மேல் ஆகும் என்கிறார். எது சரி?"

இரண்டும் அவரே எழுதியவைதான். 2021இல் சயன்ஸ் இதழில் வந்தபோது தரவு பெரிதாகியிருந்தது: 77 இடங்கள், 2275 துண்டுகள், ஆப்பிரிக்காவும் உள்ளே. கணக்கிடும் முறையும் வேறு. வளர்ச்சிக் கோட்டைச் சற்று வளைத்தாலே 90 விழுக்காட்டைத் தொட ஆகும் ஆண்டுகள் இரட்டிப்பாகும். வளைவின் வால் பக்கம் அப்படித்தான், மெல்லத் தேய்ந்து போய்க்கொண்டே இருக்கும். நான் 66 என்று பலரிடம் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். இனி "ஒரு ஆயுள் போதாது" என்று சொல்லப் போகிறேன்.

அந்த 2021 கட்டுரையில் எனக்குப் பிடித்தது வேறு. காட்டின் 12 குணங்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். மண் பத்து ஆண்டுக்குள் தேறிவிடுகிறது. இலை, கட்டை போன்றவற்றின் தன்மைகள் 25 ஆண்டுக்குள். காட்டின் அமைப்பும் இன எண்ணிக்கையும் 25 முதல் 60. கடைசியில் வந்து சேர்வது உயிர்த்திரளும் எந்தெந்த இனங்கள் என்பதும். கார்பன் கணக்குக்காரர்கள் பார்ப்பது வகுப்பிலேயே மெதுவான பையனை.

எந்தெந்த இனங்கள் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போர்ட்டோ ரிக்கோ. 1940களில் காடு 6 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியிருந்தது. கரும்பும் காப்பியும் போனபின் இப்போது தீவில் பாதிக்கு மேல் காடு. ஆனால் அதில் நிறைய இடங்களில் முன்னால் நிற்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பட்டடி மரம், சிவப்புப் பூ. கார்பன் ஏட்டில் உள்ளூர் மரமும் அதுவும் ஒன்றுதான்.

ஜூன் 1

இத்தனை நாளாக எல்லோரும், நானும் சேர்த்துத்தான், எவ்வளவு வேகம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை.

தெற்குக் கோஸ்டாரிக்காவில் பழைய வான்படங்களை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. அழித்த இடத்தில் மறுபடி முளைத்த காடுகளில், அதாவது இரண்டாம் நிலைக் காடுகளில், பாதி, 20 ஆண்டுக்குள் மறுபடி அழிக்கப்பட்டுவிட்டன. 54 ஆண்டுக்குள் 85 விழுக்காடு போய்விட்டது. காடு காப்பதில் பேர் வாங்கிய நாட்டில் இது.

100 ஹெக்டேரில் போட்டுப் பாருங்கள். எல்லாம் நின்றால் 20ஆம் ஆண்டில் 6100 டன் கார்பன். பாதி போய்விட்டால் 3050. போன 50 ஹெக்டேர் ஏதோ கொஞ்ச நாளாவது வைத்திருந்ததே என்று ஆறுதல் சொல்லலாம், ஆனால் எரித்த நாளில் அது காற்றுக்குத் திரும்பிவிட்டது. 54ஆம் ஆண்டில் 15 ஹெக்டேர் மிச்சம். திட்ட அறிக்கைகளில் நான் பார்த்த வரைபடங்கள் எல்லாம் வலப்பக்கம் மேலே ஏறுகின்றன. நூறும் நூறாகவே நிற்கும் என்ற நம்பிக்கையில்.

சட்டமும் சில சமயம் தலைகீழாக வேலை செய்யும். கோஸ்டாரிக்காவின் 1996 வனச் சட்டப்படி, காடு என்று பெயர் வந்துவிட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது. காடு என்றால் என்ன? 2 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, 70 விழுக்காட்டுக்கு மேல் மர நிழல், ஹெக்டேருக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள மரம் 60க்கு மேல். நிலத்துக்காரர் நிலையிலிருந்து பாருங்கள். மரம் 14 சென்டிமீட்டரில் இருக்கும்போதே வெட்டினால் அது புதர். இன்னும் ஓராண்டு விட்டால் அது காடு, பிறகு கை வைக்க முடியாது. நான் அவராக இருந்தால் டேப்போடு வாரம் ஒருமுறை சுற்றி வருவேன்.

ஜூன் 2

"உங்களுக்குத்தான் டேப்பின் எந்தப் பக்கம் என்று தெரியாதே." சரி, சரி. சிரித்துவிட்டேன்.

ஜூன் 9

கொஞ்சம் திசைமாறிப் போகிறேன். கொலம்பஸுக்குப் பிறகு நோயிலும் போரிலும் அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடி மக்கள் 1600க்குள் 5 கோடிக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் பயிரிட்ட ஏறத்தாழ 5.6 கோடி ஹெக்டேர் நிலம் காடாகி, 740 கோடி டன் கார்பனை இழுத்தது, வளிமண்டலத்துக் கரியமில வாயுவே பத்து லட்சத்தில் 3.5 பங்கு அளவுக்குக் குறைந்தது என்று 2019இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். மறுவளர்ச்சிக் காட்டின் சக்திக்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்?

ஜூன் 10

நேற்றைய உற்சாகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். 2021இல் மார்க் புஷ் குழுவினர் அமேசான் ஏரிகளின் அடிச்சேற்றில் மகரந்தத்தை எண்ணிப் பார்த்தார்கள். பல இடங்களில் வயலைக் கைவிட்டுக் காடு திரும்பியது ஐரோப்பியர் வருவதற்கு 300 முதல் 600 ஆண்டு முன்பே. ஆக அமேசான் பங்கைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஆடுகிறது. மாண்டவர்கள் மாண்டவர்கள்தான், அதில் மாற்றமில்லை. அத்தனை பேர் இறந்ததை ஒரு கார்பன் சான்றாக எடுத்து வீசியதே எனக்கு இன்று காலையில் உறுத்தியது.

ஜூன் 20

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். "சரி, பழையதை வெட்ட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே வெட்டிய இடமெல்லாம் முளைத்துவிட்டால் மொத்தப் பிரச்சினையில் எவ்வளவு தீரும்?"

லத்தீன் அமெரிக்காவுக்கு ராபின் சாஸ்டன் குழு 2016இல் போட்ட கணக்கு: 2008இல் அங்கே 60 வயதுக்குட்பட்ட காடு 24 லட்சம் சதுர கிலோமீட்டர். அதை 40 ஆண்டு தொடாமல் விட்டால் 848 கோடி டன் கார்பன் சேரும். அந்தப் பகுதி நாடுகள் எல்லாம் 1993 முதல் 2014 வரை எரிபொருளிலும் ஆலைகளிலும் வெளிவிட்டதற்குச் சமம். படிக்கப் பெரிதாக இருக்கிறது. 40 ஆண்டு சேமிப்பு 22 ஆண்டு செலவுக்குச் சரியாகிறது என்றும் படிக்கலாம். அதுவும் தொடாமல் விட்டால்.

நடந்தது என்ன என்று பார்த்தால் இன்னும் சிறிது. பிரேசில் அமேசானில் 1985 முதல் 2017 வரை காட்டழிப்பால் போன கார்பனில், இரண்டாம் நிலைக் காடுகள் ஈடுகட்டியது 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஜூன் 21

"26 விழுக்காடு என்று நான் படித்தேனே?" நீங்கள் படித்தது 2023 ஆய்வு. அமேசான், போர்னியோ, மத்திய ஆப்பிரிக்கா மூன்றும் சேர்த்து, 1984 முதல் 2018 வரை, தேறிவருகிற காடுகள் இழுத்தது ஆண்டுக்கு 10.7 கோடி டன் கார்பன்; காட்டழிப்பால் போனதில் 26 விழுக்காடு. அதில் முழுக்க அழிந்து முளைத்த காடு மட்டும் இல்லை, மரம் எடுத்தும் தீயில் வெந்தும் நொந்துபோய்த் தேறிவருகிற காடும் உண்டு. பரப்பும் வேறு, கணக்கில் சேர்த்ததும் வேறு. சண்டையில்லை. நான் நேற்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 6

தோட்டக்காடு பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 2011இல் தொடங்கிய பான் சவால் என்ற உலகக் காடு மீட்பு முயற்சியில் 2030க்குள் 35 கோடி ஹெக்டேரை மீட்பதாக இலக்கு. 2019 வாக்கில் பார்த்தால் நாடுகள் வாக்குக் கொடுத்ததில் 45 விழுக்காடு ஒரே இன மரத் தோட்டங்கள். யூகலிப்டஸ் வேகமாக வளரும், உண்மை. பத்து ஆண்டுக்குள் வெட்டிக் காகிதமாக்குவதும் உண்மை. நீண்ட காலச் சேமிப்பில் இயற்கைக் காடு தோட்டத்தைவிட 40 மடங்கு மேல் என்பது சைமன் லூயிஸ் குழுவின் கணக்கு. இதற்கு மேல் எழுதினால் கோபம் வரும்.

ஆகஸ்ட் 3

முதல் நாள் நான் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது சேர்க்கிறேன். இளங்காடு வேகம் என்றால் எந்த இளமை? 2025இல் வந்த ஒரு ஆய்வு, 20 முதல் 40 வயதுக் காடுதான் உச்ச வேகத்தில் இருக்கிறது, அப்போதுதான் முளைக்கிற காட்டைவிட ஹெக்டேருக்கு 8 மடங்கு வரை அதிகம் இழுக்கும் என்கிறது. முதல் சில ஆண்டுகள் புல்லோடு மல்லுக்கட்டுவதிலேயே போகும். ஆகவே கேள்வி கேட்டவரே, உங்கள் 11 மடங்கு லாபம் வேண்டுமென்றால் புதிதாக எதையும் வெட்ட வேண்டாம். ஏற்கெனவே 20 வயதாகி நிற்கிற காட்டை 21க்கு விடுங்கள். கோஸ்டாரிக்காவில் பாதி அந்த வயதை எட்டவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆகஸ்ட் 17

இந்தப் பேச்சு முழுக்க எங்கள் 7ஆம் துண்டு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா சொன்ன 17ஆ, மகள் சொன்ன 13ஆ? லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008இலிருந்து இலவசம். அன்றைக்கே பார்த்திருக்கலாம், எங்களுக்குத் தோன்றவில்லை. நேற்று இரவு உட்கார்ந்தேன். போர்னியோவில் மேகம் இல்லாத படம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆண்டுக்கு ஒன்று இரண்டுதான் தேறின. 1993இல் அந்தச் சரிவு வெளிறிக் கிடக்கிறது, வயல். 1994 படத்திலும் வயல்தான், அறுவடை முடிந்தாற்போல. 1995இல் மெல்லப் பச்சை. 2009இல் நாங்கள் நின்றபோது அதற்கு வயது 15. அப்பாவும் தப்பு, மகளும் தப்பு, இரண்டு பேரும் இரண்டிரண்டு ஆண்டு.

கை சும்மா இருக்காமல் படத்தை முன்னால் நகர்த்திக்கொண்டே போனேன். 2010, 2011, 2012, காடு. 2013இல் முழுக்க மேகம். 2014இல் சரிவின் குறுக்கே அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போலச் சாலைகள், சாலைகளுக்கு நடுவே ஒரே மாதிரிப் பச்சை. எண்ணெய்ப்பனை. மூன்று நான்கு படங்கள் மாற்றிப் பார்த்தேன், இடத்தை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்று. இல்லை, ஆற்று வளைவு அப்படியே இருக்கிறது.

மே 11 குறிப்பில் 13, 17 என்று எழுதிய இடத்தில் 15 என்று திருத்தி வாசிக்கவும். 90 டன்னை 15ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 6 டன். ஓரத்தில் போட்ட கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.